சுவரைத் தட்டிப் பார்க்கும் தொழில்

எங்கள் பெரியப்பா யார் வீட்டுக்குப் போனாலும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்ன பிறகும் ஒரு நிமிடம் நின்றுகொண்டே இருப்பார். அவர் கை தானாகச் சுவருக்குப் போகும். மடக்கிய நடுவிரலால் இடுப்புயரத்தில் ஒரு தட்டு, தோளுயரத்தில் ஒரு தட்டு, சன்னலுக்குக் கீழே ஒரு தட்டு. பூச்சு சுவரைப் பிடித்திருந்தால் ஒலி உள்ளேயே அடங்கிவிடும். விட்டிருந்தால் காலி டப்பாவைத் தட்டியதுபோல வெளியே வரும். என் அண்ணனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டிலும் இதைச் செய்து, பெரியம்மாவிடம் முறைப்பு வாங்கியவர் அவர். பிற்பாடு அந்த வீட்டுச் சுவரையும் நாங்கள்தான் பூசிக் கொடுத்தோம் என்பது வேறு விஷயம்.

கோலார் தங்கவயலில் பூச்சு வேலையும் சிறு கட்டட வேலையும் எடுத்துச் செய்வதுதான் அவருடைய தொழில். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது, நிலத்துக்கு மேலே இருந்த கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் அவர் கொத்தனாராக இருந்தார். கணக்கு முடித்து வந்த தொகையில் சாரக் கம்புகளையும் நான்கு பாண்டுச் சட்டிகளையும் ஒரு பழைய மிதிவண்டியையும் வாங்கினார். இன்றைக்கு அவரிடம் ஐந்து கொத்தனார்களும் ஏழெட்டுச் சித்தாட்களும் வேலை செய்கிறார்கள். பெயர்ப்பலகை கிடையாது, "லைன் மேஸ்திரி" என்று கேட்டால் ஆண்டர்சன்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை யாரும் வழி சொல்லிவிடுவார்கள். வார நாட்களில் பெங்களூருக்கு ரயிலில் போய் வரும் நான், ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய கணக்குப் புத்தகத்தை எழுதிக் கொடுக்கிறேன். எந்த வீட்டில் எத்தனை சதுர அடி, எந்தச் சுவரில் என்ன கலவை என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிவந்ததில், எங்கள் ஊரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படிக்காத பல செய்திகள் எனக்குத் தெரியவந்தன.

தட்டிக் கேட்கும் பழக்கம் அவருக்குத் தாத்தாவிடமிருந்து வந்தது. தாத்தாவும் கொத்தனார்தான், ஆனால் அவர் எழுப்பிய சுவர் ஒன்றைக்கூட எங்கள் குடும்பத்தில் யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் அவையெல்லாம் பூமிக்குள் இருக்கின்றன. பொன் கலந்த பாறையை வெட்டி எடுத்ததும் அங்கே உண்டாகும் வெற்றிடம், மேலிருந்து அழுத்தும் பாரத்தால் நெரிந்து மூடிவிடாமல் இருப்பதற்காகச் செதுக்கிய கருங்கற்களை இறுக அடுக்கி முட்டுச்சுவர் கட்டுவார்களாம். பின்னாளில் அந்த இடத்தைக் கான்கிரீட் பிடித்துக்கொண்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 பாகை செல்சியஸைத் தாண்டும். அங்கே வேலைக்கு இறங்குகிறவர்கள், முதலில் நீளமான இரும்புக் கம்பியால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் பாறை உறுதியாக இருக்கிறது. மந்தமாக, உள்ளே பொத்தலாக ஒலித்தால் தளர்ந்த பாறையை நெம்பிக் கீழே தள்ளிவிட்டுத்தான் அடுத்த வேலை. தாத்தாவுக்கு உயிர் காத்த வித்தை பெரியப்பாவுக்குச் சதுர அடி கணக்குப் போட உதவுகிறது. பாறையில் கணீரென்ற ஒலி நல்லது, பூச்சில் அடங்கிய ஒலி நல்லது என்று இரண்டையும் வேறுபடுத்திச் சொல்லும்போது அவருக்கு ஒரு பெருமிதம் வரும்.

பூச்சு வேலை செய்கிறவருக்கு, எங்கள் ஊர்ச் சுவர்களின் வரலாறு தெரியாமல் தொழில் ஓடாது. 1880-இல் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயச் சுரங்க நிறுவனம் இங்கே கால்வைத்த பிறகு அதிகாரிகளுக்குத் தோட்டத்தோடு கூடிய பங்களாக்கள் எழும்பின. வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்த தொழிலாளர்களுக்கு முதலில் மூங்கில் தட்டிக் குடிசைகளும், பிறகு வரிசை வரிசையாக ஒற்றையறை வீடுகளும் கிடைத்தன. அந்த வரிசைகளைத்தான் நாங்கள் "லைன்" என்கிறோம். 1956-இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொண்டது. 1962-இல் அது மத்திய அரசிடம் போனது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. பெயர்ப்பலகை எத்தனை முறை மாறினாலும் லைன் வீட்டுச் சுவர் ஒருபோதும் உள்ளே வாழ்ந்தவர்களுடையதாக இருக்கவில்லை. ஆணி அடிப்பதற்கும் தயங்கிய வீடுகள் உண்டு. வெள்ளையடிப்பதும் விரிசல் அடைப்பதும் கம்பெனியின் வேலை. அது வரும்போது வரும்.

சுரங்கம் மூடியதும் அந்தக் கையும் நின்றுபோனது. பெரியப்பாவின் முதல் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு வினோதம் தென்படும். 2001 முதல் ஐந்தாறு ஆண்டுகளுக்கு முழு வீட்டுப் பூச்சு என்று ஒரு வேலைகூட இல்லை. "அடுப்படிச் சுவர், உள்பக்கம் மட்டும்", "தலைமாட்டுச் சுவர், நான்கடி உயரம்", "கதவு ஓரம் மட்டும்" என்றே பக்கங்கள் போகின்றன. கையில் காசு இல்லாதது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வீடு தங்களுக்கு வருமா வராதா என்பது யாருக்கும் தெரியவில்லை. பட்டா இல்லாத சுவரில் எத்தனை மூட்டை சிமென்ட்டைப் போடுவது? படுக்கும் இடத்தில் தலையில் மண் உதிராமல் இருந்தால் போதும் என்று தலைமாட்டுச் சுவரை மட்டும் பூசச் சொன்னார்கள். வெளிச்சுவரைப் பூசச் சொல்லும் குடும்பம் இந்த ஊரை விட்டுப் போகாது என்பது பெரியப்பா வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்கு தவறிப்போனதாக நான் பார்த்த வீடுகள் இரண்டே இரண்டு.

தொழிலின் முதல் மூன்று ஆண்டுகளில் அவர் ஒரு பெரிய தப்பைச் செய்தார். அதை மறைக்க மாட்டார். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்களுக்கு அதைத்தான் முதல் பாடமாகச் சொல்வார். பழைய வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் கல்லை மண்சாந்திலோ சுண்ணாம்புச் சாந்திலோ வைத்துக் கட்டியவை. அவற்றின் மேல் இவர் ஒரு பங்கு சிமென்ட்டுக்கு நான்கு பங்கு மணல் என்ற கெட்டிக் கலவையை நன்றாக ஏற்றிப் பூசினார். கண்ணாடிபோல வந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் பாயைச் சுருட்டியதுபோல அந்தப் பூச்சு பெயர்ந்து விழுந்தது. விழும்போது உள்ளிருந்த பழைய காரையையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் காலத்தில் அதை மூச்சுபோல வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிட்டதால், ஈரம் சுவருக்குள்ளேயே தங்கி, ஓதம் மேலே ஏறி, உப்புப் பூத்து, மென்மையான சாந்தை அரித்துவிட்டது. மூன்று வீடுகளுக்குக் கூலி வாங்காமல் மறுபூச்சு போட்டுக் கொடுத்தார். அந்த ஆண்டுக் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். வரவை விடச் செலவு அதிகம்.

அதற்குப் பிறகு பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் என்று முடிவுகட்டினார். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவைத்து, சலித்து, ஒன்றுக்கு மூன்று மணல் சேர்த்துப் பதமாக அடித்து, மெல்லிய படலங்களாக ஏற்ற வேண்டும். சிமென்ட் சில மணி நேரத்தில் இறுகத் தொடங்கிவிடும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கல்லாக மாறும். இதற்குப் பொறுமையுள்ள வீட்டுக்காரர் வேண்டும். "சுவத்துல நகம் பட்டா கோடு விழுதே மேஸ்திரி, இதுவா கெட்டி?" என்று கேட்காதவர்கள் குறைவு. அவர்களிடம் அவர் வாதாட மாட்டார். ஆறு மாதம் கழித்துத் தானே போய், அதே நகத்தால் அதே இடத்தைக் கீறச் சொல்வார். எல்லோரும் ஒத்துக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிமென்ட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்களுக்கு ஒன்றுக்கு ஆறு என்று கலவையை மெலியவைத்துப் பூசிக் கொடுத்து, "உத்தரவாதம் இல்லை" என்று புத்தகத்தில் எழுதச் சொல்வார்.

சிமென்ட் கூடினால் பூச்சு உறுதியாகும் என்பது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய மயக்கமல்ல. கெட்டிக் கலவை காயும்போது அதிகமாகச் சுருங்கும்; சுருங்கும்போது தலைமுடிக் கனத்தில் வலைவலையாக விரிசல் விடும். செங்கல் சுவரின் உள்பக்கத்துக்கு 12 மில்லிமீட்டர் கனமும் 1:6 கலவையும் போதும். கூரையின் அடிப்பக்கத்துக்கு மட்டும் 1:4 வேண்டும், அதுவும் கான்கிரீட்டை நெருக்கமாகக் கொத்திவிட்டு, சிமென்ட் பால் தடவிய பிறகு. கான்கிரீட் தூணும் செங்கல்லும் சேருமிடத்தில் கோழிவலையைப் பதிக்காமல் பூசினால் அந்தக் கோட்டிலேயே பிளக்கும். இதெல்லாம் எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும் விட்டுவிடுவதற்கு அவசரம் ஒன்றுதான் காரணம் என்பது, பெங்களூரில் நான் வாடகைக்கு இருந்த அடுக்குமாடிச் சுவர்களைப் பார்த்து எனக்கு உறுதியாயிற்று.

லைன் வீடுகளில் பூச்சைவிடக் கடினமானது அண்டை வீட்டு விவகாரம். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் உளி வைத்துப் பழைய பூச்சைக் கொத்தினால், அந்தப் பக்கம் அலமாரியில் இருக்கும் பாத்திரங்கள் ஆடும், சாமி படம் சாயும், சில சமயம் அவர்கள் பக்கத்துப் பூச்சும் பொத்தென்று விழும். ஆகவே பெரியப்பா வேலை தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை அடுத்த வீட்டுக்குப் போய், காபி குடித்து, அவர்கள் பக்கத்தையும் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். எங்கே ஏற்கெனவே விட்டிருக்கிறது என்று அவர்கள் கண்முன்னே கரித்துண்டால் வட்டம் போட்டுவிடுவார். மறுநாள் வட்டத்துக்குள் விழுந்தால் அது பழைய கணக்கு. வட்டத்துக்கு வெளியே விழுந்தால் எங்கள் கணக்கு. இந்தக் கரிவட்ட ஏற்பாடு வந்த பிறகு சண்டை பாதியாகக் குறைந்தது.

விரிசல்களைப் படிப்பதும் இங்கே தனிக் கலை. சுரங்கம் ஓடிய காலத்தில் ஆழத்தில் பாறை வெடிக்கும்போது மேலே வீடுகள் குலுங்கும். ராக்பர்ஸ்ட் என்ற சொல் எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கும் தெரியும். மூடிய பிறகு சுரங்கங்களில் தண்ணீர் நிரம்பியதும் சிறு அதிர்வுகள் தொடர்ந்திருக்கின்றன. சன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுபோல ஏறும் விரிசலைக் கண்டால் பெரியப்பா உடனே கலவை குழைக்கச் சொல்ல மாட்டார். விரிசலின் வாயில் அழுக்கு படிந்து கறுத்திருந்தால் பழையது, வெளுப்பாக இருந்தால் புதியது. சந்தேகம் வந்தால் விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தால் ஒட்டி, பக்கத்தில் தேதியை எழுதிவிட்டு வந்துவிடுவார். ஓரிரு மாதங்களில் கண்ணாடி உடைந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, பூச்சுக்கு அங்கே வேலையில்லை, அடித்தளத்தைத்தான் பார்க்க வேண்டும். உடையாமல் இருந்தால் விரிசலை வாய் அகலக் கொத்தி நனைத்து அடைக்கலாம். வேலை கிடைத்த நாளில் வேலை செய்யாமல் கண்ணாடி ஒட்டிவிட்டுத் திரும்பும் மேஸ்திரியைப் பார்த்து மற்ற ஒப்பந்தக்காரர்கள் சிரிப்பார்கள்.

மணலைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் ஊர்ப் பூச்சைப் பற்றி எழுத முடியாது. ஊருக்குள் நுழையும்போதே கண்ணில் படும் சாம்பல் நிறக் குன்றுகளை நாங்கள் சைனைடு மலை என்போம். சைனைடு கரைசலால் பொன்னைப் பிரித்த பிறகு மிஞ்சிய அரைத்த பாறைத்தூள், மூன்று கோடி டன்னுக்கும் மேலாகக் குவிந்து கிடக்கிறது. பார்ப்பதற்கு அருமையான பூச்சு மணல்போலவே இருக்கும். இலவசமாகக் கண்ணெதிரே கிடக்கிறதே என்று அதை அள்ளிக் கலந்த கைகள் இல்லாமல் இல்லை. ஒருமுறை நாங்கள் கொத்தியெடுத்த ஒரு வீட்டுப் பூச்சு, விரலால் தேய்த்தாலே திருநீறுபோல உதிர்ந்தது. முன்பு பூசியவர் எந்த மணலைப் போட்டார் என்பதை அந்த நிறமே சொல்லிவிட்டது. பொடி மிக நுணுக்கமாக இருந்தால் தண்ணீரை அதிகம் குடிக்கும், காய்ந்ததும் சுருங்கி வெடிக்கும், சிமென்ட்டுக்குப் பற்றிக்கொள்ளக் கரடான மணியும் இருக்காது. சைனைடு எச்சம் பற்றிய அச்சம் அதற்கு மேல். அந்தக் கழிவை முறையாகச் சிமென்ட்டோடு சேர்த்துச் செங்கல்லாக்க முடியுமா என்று ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் சோதனைக்கூடத்தில் அளந்து அழுத்திச் செய்யும் கல் வேறு, வாசலில் மண்வெட்டியால் குழைக்கும் கலவை வேறு. பெரியப்பா பூச்சுக்கென்று சலித்து வரும் எம்-சாண்டைத்தான் வாங்குகிறார். அதையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் தண்ணீரோடு குலுக்கி வைத்து, மேலே எவ்வளவு வண்டல் படிகிறது என்று பார்த்த பிறகே லாரிக்குப் பணம் கொடுப்பார்.

காற்றுக் காலத்தில் அந்த மலைகளின் தூள் பறந்து வந்து ஈரப் பூச்சின் மேல் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. கழுவாமல் பிரைமர் அடித்தால் ஓர் ஆண்டுக்குள் பெயின்ட் தோல் உரியும்.

தண்ணீர் இன்னொரு சோதனை. கோலார் மாவட்டத்தில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. தங்கவயலுக்குப் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான் பல தெருக்களுக்குக் கதி. சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது ஏழு நாட்கள் தண்ணீர் காட்ட வேண்டும். குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் தெருவில், சுவருக்குக் குழாய் பிடித்து ஊற்றினால் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியாதா? ஆகவே எங்கள் ஆட்கள் சுவரில் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் சொம்பால் தெளிப்பார்கள். வழியும் தண்ணீரைக் கீழே வைத்த சட்டியில் பிடித்து மறுபடி சாக்குக்கே விடுவார்கள். வெயில் ஏறும் மேற்குச் சுவரைப் பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான் தொடங்குவார்கள். டேங்கர் வராத வாரத்தில் புதுச் சுவரைப் பூசுவதே இல்லை. ஆட்களுக்கு அந்த வாரம் வேறு வேலை தேடிக் கொடுக்க வேண்டியிருப்பதால், கணக்குப் புத்தகத்தில் அது நட்டமாகத்தான் விழும்.

ஆட்களைத் தக்கவைப்பதுதான் இப்போது அவருக்கு இருக்கும் தீராத தலைவலி. விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் என்னைப் போன்ற அலுவலக ஆட்களோடு கொத்தனார்களும் எலக்ட்ரீஷியன்களும் செக்யூரிட்டி வேலைக்குப் போகிறவர்களுமாக ஊரில் பாதிப்பேர் நூறு கிலோமீட்டர் போய் இரவில் திரும்புகிறார்கள். பெங்களூர்க் கூலி எங்கள் கூலியைவிட அதிகம். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பயணத்தில் போகும் ஐந்தாறு மணி நேரத்தை யாரும் கூலியில் சேர்ப்பதில்லை என்று பெரியப்பா ஒரு வாதம் வைத்திருக்கிறார். அந்த வாதத்தில் மயங்கித் திரும்பி வந்தவர்கள் மூன்று பேர். அவர்களில் ஒருவர் அங்கே பெரிய அடுக்குமாடிகளில் ஜிப்சம் பூச்சு பழகிவிட்டு வந்தவர். தண்ணீர் காட்டத் தேவையில்லாத அந்தப் பூச்சு எங்கள் ஊருக்கு ஏற்றது என்று அவர் சொல்ல, ஓதம் ஏறும் சுவரில் ஜிப்சம் ஊறி உப்பிவிடும் என்று பெரியப்பா மறுக்க, இரண்டு பேரும் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் மாடியறைகளின் உள்பக்கத்துக்கு மட்டும் ஜிப்சம் என்று உடன்பாடு ஏற்பட்டது. என் பார்வையில் இருவர் சொன்னதும் சரி.

சென்ற மாதம் சாம்பியன் ரீஃப் பக்கத்து லைன் ஒன்றிலிருந்து ஓர் அம்மா அழைத்திருந்தார். 2003-இல் அடுத்த வீட்டில் நாங்கள் வேலை செய்தபோது, தங்கள் பக்கத்துச் சுவரில் பெரியப்பா போட்ட கரிவட்டங்களை அவர் இத்தனை ஆண்டுகளாக அழிக்காமல், மேலே நாள்காட்டியை மாட்டி மறைத்து வைத்திருந்தார். மகனுக்கு பெங்களூரில் வேலை நிலைத்துவிட்டது, இங்கேயே தங்கிப் போய் வருவதாகச் சொல்லிவிட்டான், ஆகவே நான்கு சுவரையும் வெளிப்பக்கத்தோடு சேர்த்துப் பூச வேண்டும் என்றார். வேறொரு ஒப்பந்தக்காரர் எல்லாவற்றையும் கொத்தித் தள்ளிவிட்டுப் புதிதாகப் பூசத் தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். பெரியப்பா நாற்காலியில் உட்காரவில்லை. நாள்காட்டியைக் கழற்றச் சொல்லி, அந்தப் பழைய வட்டங்களிலிருந்து தொடங்கி, காதைச் சுவரோரம் வைத்துக்கொண்டு மூன்று அறைச் சுவர்களையும் அடுப்படியையும் தட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு என் பக்கம் திரும்பி எழுதச் சொன்னார். உள்பக்கம் விட்டுப்போனது நாற்பத்திரண்டு சதுர அடி, அதை மட்டும் கொத்த வேண்டும். மீதி பழைய சுண்ணாம்புப் பூச்சு நன்றாகப் பிடித்திருக்கிறது, கை வைக்கக் கூடாது. வெளிப்பக்கம் முழுவதும் சுண்ணாம்பு. டேங்கர் வருகிற நாளைக் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும்.